தப்பெல்லாம் புது டிரைவர் மேல்

சாவியை அந்த ஆள் என்னிடம் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார்.

என் வீட்டுக்காரருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. பேர் சின்னசாமி. கொல்லிமலையில், வளப்பூர் நாட்டில் எங்களுக்கு இருக்கும் கொஞ்சம் காட்டில் மிளகும் குச்சிக்கிழங்கும் போடுகிறவர். மரத்தில் ஏணி சாய்த்து, கீழே பார்த்தால் நமக்குத் தலை சுற்றும் உயரத்தில் நின்றுகொண்டு சாவகாசமாக மிளகு பறிப்பார். ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டது கிடையாது. தொடுகிற ஆசையும் கிடையாது. சாவியை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, சூடாக எதையோ பிடித்துவிட்டவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

“சார், டிரைவர் சீட்டுல உக்காந்து பாருங்க. மேடம் பின்னாடி உக்காந்து ஏசி நல்லா வருதான்னு பாக்கட்டும்” என்றார் விற்பனை ஆள்.

“வண்டி எனக்குங்க” என்றேன்.

“தெரியுதுங்க மேடம். சார் உங்களுக்கு வாங்கித் தர்றாங்க.”

“நான் வாங்கறேன். கொல்லிமலையில நான்தான் ஓட்டப்போறேன். புது லைசென்ஸ், என்னுது.”

அவர் சிரித்தார். இருபது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன், எத்தனையோ சிரிப்பைப் பார்த்திருக்கிறேன். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளையின் சிரிப்பில்கூட ஒரு மரியாதை இருக்கும். இதில் அதுவும் இல்லை. என்னிடம் சிரித்துவிட்டு, பதிலை என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

“மலைக்குங்களா சார்? கொல்லிமலைக்கு ஆட்டோமேட்டிக்கா? அதுவும் புது டிரைவரா? பாத்துக்குங்க சார்.”

சமவெளியில் ஒரு பெரிய ஊர், பைபாஸ் ஓரத்தில் தகரக் கூரை போட்ட பழைய கார் கடை அது. கலர் கலராய்க் கொடித் தோரணம். கழுவிவிட்ட கார்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எந்தக் காரின் கதவைத் திறந்தாலும் எலுமிச்சம்பழ வாசனை. ஊர் பேரும் கடை பேரும் எழுத வேண்டாம் என்று பத்திரிகையில் கேட்டுக்கொண்டார்கள். அதனால் விடுகிறேன். இல்லையென்றால் போன் நம்பரோடு எழுதியிருப்பேன்.

இடது கால்

என் இடது முழங்கால் உடைந்த கதையை முன்பு ஒரு வாரம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். காலை பஸ்ஸில் ஒரு கால் படியில், ஒரு கால் தரையில் இருந்தபோது டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். அவ்வளவுதான். கம்பி வைத்துத் தைத்தார்கள். நடக்கலாம், நிற்கலாம், முக்கால் மணி நேரம் கரும்பலகையில் எழுதலாம். முழங்கால் முழுசாக மடங்காது. பஸ் படி ஏறுவதென்றால் ஒருவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டும், ஒருவர் பின்னாலிருந்து தாங்க வேண்டும்.

எங்கள் ஊர் வளப்பூர் நாடு; மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். பள்ளிக்கூடம் வாழவந்தி நாட்டில். இரண்டு பஸ் மாற வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை அந்தப் படி.

பக்கத்துப் பள்ளிக்கு மாறுதல் கேட்டு எழுதினேன். அலுவலகத்தில் ஓர் அதிகாரி நாற்காலியைக்கூடக் காட்டாமல், “உடம்பு முடியலைன்னா விருப்ப ஓய்வு வாங்கிக்கலாமே டீச்சர்” என்றார்.

“என் உடம்புக்கு முடியுதுங்க. பஸ் படிதான் முடியல” என்றேன்.

அவர் அடுத்த கோப்பை எடுத்தார்.

இரண்டு பக்கமும் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வாங்கி ஒரு மழைக்காலம் ஓட்டினேன். எங்கள் மலையில் ஆவணி, புரட்டாசியில் காலை எட்டு மணிக்கு மூடுபனி இறங்கினால் முன்னால் போகிற மாட்டின் வால் தெரியாது. இருமுறை சாய்ந்தேன். மூன்றாவது முறை சாய்வதற்கு முன் விற்றுவிட்டேன்.

அப்போதுதான் கார் என்ற எண்ணம் வந்தது. ஆசையால் அல்ல. நாற்பத்தெட்டு வயதில், இன்னும் பன்னிரண்டு வருஷம் வேலை இருக்கும்போது, ஒரு பஸ் படிக்காக வீட்டில் உட்கார எனக்குச் சம்மதமில்லை.

“எந்தக் காலால ஓட்டுவீங்க?”

கீழே டவுனில் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். கிளட்ச் மிதிக்க முடியாது, ஆட்டோமேட்டிக் கார்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். அங்கே இருந்தவர், “அதெல்லாம் வண்டியே இல்லீங்கம்மா. பொம்மை. கியர் போடத் தெரியாதவங்களை நாங்க டிரைவர்னு சொல்றதில்ல” என்றார். அவரிடம் ஆட்டோமேட்டிக் வண்டி இல்லை என்பதை இப்படித்தான் சொன்னார்.

கடைசியில் சேலத்தில் ஒரு பெண் கற்றுத்தருவதாகக் கேள்விப்பட்டேன். ரேவதி. என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஒரே ஒரு ஆட்டோமேட்டிக் கார் வைத்துக்கொண்டு பெண்களுக்கு மட்டும் சொல்லித் தருகிறாள். எட்டு மாதம், சனிக்கிழமை தோறும் மலை இறங்கிப் போனேன். முதல் நாளே, “இடது காலை ஓரமா வெச்சிருங்க டீச்சர், அதுக்கு இன்னைலேர்ந்து லீவு” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

ஏற்காடு மலைப்பாதையில் என்னை மூன்று தடவை ஏற்றி இறக்க வைத்தாள். மூன்றாவது தடவை பக்கத்து சீட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு வந்தாள். பேசவே இல்லை. அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு யாரும் கொடுத்ததில்லை.

ஆனால் லைசென்ஸ் கொடுக்கிற இடத்தில் அந்தச் சான்றிதழ் செல்லவில்லை. டெஸ்ட் எடுக்க வந்த அதிகாரி என் காலைப் பார்த்தார்.

“இந்தக் காலை வெச்சுக்கிட்டு எப்படிம்மா கிளட்ச் மிதிப்பீங்க?”

“இந்த வண்டில கிளட்ச் பெடலே இல்லீங்க சார்.”

குனிந்து பார்த்தார். இரண்டே பெடல். நிமிர்ந்தார். “இருந்தாலும்...” என்றார்.

அந்த “இருந்தாலும்” எனக்கு இரண்டு டாக்டர் சான்றிதழ், ஒரு மாதத் தாமதம், இன்னொரு டெஸ்ட். இரண்டாவது டெஸ்ட்டில் எட்டுப் போட்டுக் காட்டி, பின்னாலும் எடுத்து நிறுத்தினேன். கையெழுத்துப் போடும்போதும் அவர் என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபத்தில் வாங்கினேன்

இத்தனையும் தாண்டி வந்தவள் முன்னால்தான் அந்த விற்பனை ஆள் சாவியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வெளியே வந்திருக்க வேண்டும். ரேவதியைக் கூட்டிவந்து பார்த்திருக்க வேண்டும். ஒரு மெக்கானிக்கைக் கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்கிறேனே, கோபத்தோடு கணக்குப் போட்டால் விடை தப்பும் என்று, அதை நானே ஒரு தடவை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

செய்யவில்லை. சாவியை வாங்கி, சீட்டில் உட்கார்ந்து, அந்த வெள்ளை வண்டியைப் பைபாஸில் போய்த் திரும்பி வரும்வரை ஓட்டிக் காட்டினேன். வழவழவென்று ஓடியது. விற்பனை ஆள் பின்சீட்டில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு வந்தார். இறங்கியதும், “பரவால்லீங்களே மேடம்!” என்றார். அந்தப் “பரவால்லை”க்காக, அவர் முகத்தில் அடிக்கிற மாதிரி, அங்கேயே வாங்கிவிட்டேன். பி.எஃப். கணக்கிலிருந்து எடுத்த பணம். ஏழு நாள் வாரண்டி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள்.

வண்டியை உடனே மலைக்குக் கொண்டுவரவில்லை. அடிவாரத்தில் என் தங்கை வீட்டு வாசலில் நிறுத்தி, இரண்டு வாரம் சனி, ஞாயிறு ஓட்டிப் பழகினேன். சமவெளியில் அது ஒரு குறையும் சொல்லவில்லை. அதற்குள் ஏழு நாளும் போய்விட்டது.

முப்பத்து நான்காவது வளைவு

காரவள்ளியில் தொடங்கும் பாதைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருக்கும். பத்து மணி வெயிலில் கிளம்பினேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர், மடியில் தங்கை கொடுத்த முறுக்கு டப்பா. இருபது வளைவு வரைக்கும் பேசாமல் வந்தவர், அதற்கப்புறம் ஒரு முறுக்கை உடைத்துத் தின்ன ஆரம்பித்தார். அவர் பயம் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது.

முப்பத்து நான்காவது வளைவில் திருப்பி, ஏற்றத்துக்கு அழுத்தினேன். இஞ்சின் கத்தியது. வண்டி போகவில்லை. முன்னால் கியர் எண் காட்டுகிற சின்னத் திரையில் ஒன்றுமே இல்லை. வண்டி மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்தது.

பின்னால் பஸ்.

பிரேக்கை மிதித்தேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். நின்றது. நான்தான் நிறுத்தினேன். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், அன்றைக்கு அந்த இடத்தில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் முறுக்கு டப்பாவைப் போட்டுவிட்டு இறங்கி ஓடி, ஒரு கல்லைத் தூக்கி வந்து பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தார். பஸ் ஹாரன் அடித்தது. மேலிருந்து பலாப்பழம் ஏற்றிய லாரி ஒன்று வந்து மறித்துக்கொண்டது. படகு இல்லத்துக்குப் போகிற வெளியூர்க் கார்கள் வரிசை கட்டின. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே போனைத் தூக்கி என்னைப் படம் எடுத்தான்.

“லேடீஸுங்க. ஆட்டோமேட்டிக்குங்க.” பஸ் கண்டக்டர் இறங்கிவந்து எல்லாருக்கும் அறிவித்தார். இரண்டும் சேர்ந்தால் வேறு விளக்கம் தேவையில்லை என்கிற மாதிரி.

செம்மேட்டுப் பக்கத்து ஜீப் டிரைவர் ஒருவர் என் கதவைத் திறந்தார். “எறங்குங்கம்மா. நான் எடுத்துத் தர்றன்.”

இறங்கினேன். அவர் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். அழுத்தினார். இஞ்சின் கத்தியது. வண்டி நகரவில்லை. இன்னொரு தடவை முயன்றார். நகரவில்லை. “கொஞ்சம் ஆறட்டும்” என்று பானட்டைத் தூக்கிவிட்டு பீடி பற்றவைத்தார்.

அரை மணி நேரம் கழித்து மறுபடி உட்கார்ந்தார். திரையில் எண் வந்தது. வண்டி நகர்ந்தது.

“பாத்தீங்களா?” என்றார் கண்டக்டர். “கையில இருக்குதுங்க எல்லாம்.”

பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அந்த ஜீப் டிரைவரே வீடு வரைக்கும் ஓட்டினார். மீதி வளைவுகளில் சும்மாவா ஏறியது? நடுவில் இன்னும் ஒருமுறை நின்றது. அதற்கும் அரை மணி நேரம். நான் பின்சீட்டில், என் சொந்தக் காரில், ஏசி எப்படி வருகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கும்போது அவர் நல்ல மனசோடுதான் சொன்னார்: “தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். புதுசா ஓட்டறவங்களுக்கு மலை வேண்டாமுங்க.”

பலா மரத்தடியில்

மறுநாள் கடைக்குப் போன் செய்தேன்.

“புது டிரைவருங்களா மேடம்? அதானுங்க. ஏத்தத்துல பாதி அழுத்தி அழுத்திப் புடிச்சிருப்பீங்க. கிளட்ச் சூடாயிருக்கும். வண்டி மேல ஒரு குத்தமும் இல்லீங்க. அப்புறம், வாரண்டி முடிஞ்சிருச்சுங்க. இருந்தாலும் மலைக்கு வாரண்டி கெடையாதுங்க.”

கிளட்ச் பெடல் இல்லையென்றால் கிளட்சே இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். உள்ளே இருக்கிறதாம். நம் காலுக்குப் பதில் அதை ஒரு மோட்டார் இயக்குகிறதாம். அந்த மோட்டாரின் வேலையைக் கெடுத்ததும் நான்தானாம்.

இப்போது நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது. அப்போது கொதிக்கவில்லை. அதுதான் என் வருத்தம். நான் நம்பிவிட்டேன்.

மூன்று வாரம் அந்த வண்டி எங்கள் பலா மரத்தடியில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. நான் மறுபடி பஸ்ஸுக்குப் போனேன். சாயங்காலம் வந்ததும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் உட்காருவேன். ஸ்டார்ட் செய்யமாட்டேன். பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்குக் காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன். எங்கே தப்பு செய்தேன்? அழுத்தியது அதிகமா, குறைவா? ரேவதி வேர்க்கடலை தின்றபடி வந்தது எனக்கு ஞாபகமே வரவில்லை. பஸ்ஸில் இருந்தவர்கள் கை தட்டியது மட்டும் ஞாபகம் வந்தது.

பள்ளியில் யாரோ அந்தப் படத்தைப் போனில் பார்த்திருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றது.

வண்டியை விற்றுவிடலாம் என்று ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மிளகைப் பாயில் பரப்பிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

“அந்த ஜீப்புக்காரனும்தான மொதல்ல நகத்த முடியல.”

எனக்குச் சுருக்கென்றது. “இதை ஏன் மாமா அன்னைக்கே சொல்லல?”

“சொன்னன் புள்ள. ஊட்டுக்கு வந்ததும் சொன்னன். நீ ஆறுதலுக்குச் சொல்றன்னு நெனச்சுட்ட.”

உண்மைதான். சொல்லியிருந்தார். நான்தான் காதில் வாங்கவில்லை.

ஷாஜஹான் பாய்

அந்த வாரமே அவர் ஒருவரைக் கூட்டிவந்தார். நாங்கள் அடிவாரத்தில் மிளகு விற்கிற கடைக்காரருடைய தம்பி, ஷாஜஹான் பாய். முப்பது வருஷமாகக் கார் மெக்கானிக். வெள்ளைத் தொப்பி, சட்டைப் பையில் டார்ச். வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, “சாவி யாருகிட்டங்க?” என்றார். கொடுத்தேன்.

எங்கள் ஊருக்கு மேலே ஒரு ஏற்றம் உண்டு. அதில் இரண்டு முறை ஏற்றி இறக்கினார். மூன்றாவது முறை, பாதி ஏற்றத்தில், இஞ்சின் கத்தியது. வண்டி நின்றது. திரையில் எண் இல்லை.

பக்கத்து சீட்டில் இருந்த நான், “அழுத்துனது அதிகமாயிருச்சுங்களா பாய்?” என்று கேட்டேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். “டீச்சரம்மா, நான் முப்பது வருஷமா ஓட்டறன். இப்ப எனக்கே நின்னுருச்சு. எனக்கும் ஓட்டத் தெரியலீங்களா?”

சக்கரத்துக்கு வைக்கக் கல் தேடி இறங்கினேன். அங்கேயே உட்கார்ந்திருந்தால் அழுதிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் கதவுகளை எல்லாம் திறந்துவைத்தார். டிரைவர் சீட்டுக்குக் கீழே டார்ச் அடித்தார். சீட் நகர்கிற கம்பி முழுக்கத் துரு. காலடியில் கிடந்த கார்ப்பெட்டின் ஓரத்தைக் கிளப்பினார்.

“ஒண்ணு சொல்லுங்க. இத்தன வருஷத்து வண்டிக்கு இவ்வளவு புதுக் கார்ப்பெட் எதுக்குங்க? கிட்ட வாங்க. கண்ணால பாக்காதீங்க. மூக்கால பாருங்க.”

குனிந்தேன். எலுமிச்சை வாசனைக்கு அடியில், வற்றிய ஏரியின் வாடை. கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்த பஞ்சைப் பிய்த்து என் கையில் வைத்தார். காய்ந்த வண்டல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கியர் பெட்டிக்குப் போகிற வயர் முனையைக் கழற்றிக் காட்டினார். உப்புப் பூத்த மாதிரி வெள்ளையும் பச்சையும்.

“வெள்ளத்துல மூழ்குன வண்டிங்க. சூடானா இந்த எடத்துல கனெக்‌ஷன் உட்டுப்போவுது. ஆறுனா ஒட்டிக்குது. உங்க கால்ல ஒரு குத்தமும் இல்லீங்க.”

சந்தேகத்துக்கு இடம் வேண்டாம் என்று, சர்வீஸ் சென்டரில் வேலை செய்கிற ஒருவருக்கு வண்டி எண்ணைச் சொல்லி விசாரித்தார். மழைக்காலத்தில் சீட் உயரம் தண்ணீர் நின்ற வண்டி, கட்டி இழுத்துத்தான் கொண்டுவந்தார்கள், செலவைக் கேட்டதும் சொந்தக்காரர் அப்படியே பழைய கார் கடைக்குத் தள்ளிவிட்டார் என்று பதில் வந்தது. எந்தக் கடை என்றும் சொன்னார்.

ஆக, அவர்களுக்குத் தெரியும். சாவியை என் வீட்டுக்காரர் கையில் வைத்தபோது தெரியும். “பரவால்லீங்களே” என்றபோது தெரியும். போனில் “புது டிரைவருங்களா?” என்று கேட்டபோதும் தெரியும். ஒரு புது டிரைவர், அதுவும் பெண், அதுவும் கால் சரியில்லாதவள். வண்டி நின்றால் அவளே தன்னைத்தான் திட்டிக்கொள்வாள், நம்மிடம் வரமாட்டாள் என்று அவர்கள் போட்ட கணக்கு இருக்கிறதே, அது மூன்று வாரம் சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை

கூட்டம் ஞாயிற்றுக்கிழமைதான் வரும். அன்றைக்கே போனேன். பாய் வண்டியை ஓட்டிவந்து கடை வாசலில் நிறுத்தினார். பக்கத்தில் நான், பின்னால் என் வீட்டுக்காரர், அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் அந்தப் பஞ்சு.

விற்பனை ஆளிடம் விஷயத்தைச் சொன்னேன். “ஓனர் இல்லீங்க மேடம், நாளைக்கு வாங்க” என்றார். நான் வாடிக்கையாளர்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். காலை நீட்டி வைத்துக்கொண்டேன்.

ஒரு சிவப்புக் காரை இளம் தம்பதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் இடுப்பில் குழந்தை. வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் எனக்கு உண்டு.

“கண்ணு, கார்ப்பெட்டைத் தூக்கிப் பாரு. சீட்டுக்கு அடியில துரு இருக்குதான்னு பாரு. நான் பாக்காம வாங்கிட்டன்.”

அந்தப் பெண் திரும்பினாள். நான் பையைத் திறந்து காட்டினேன். அவள் புருஷன் கிட்டே வந்து முகர்ந்து பார்த்தான். இரண்டு பேரும் சிவப்புக் காரை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்களுக்கும் சொன்னேன். அதற்கடுத்து வந்தவர்களுக்கும். ஊரில் இல்லாத ஓனர் பத்தே நிமிஷத்தில் உள்ளே இருந்த கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார்.

நேராக என் வீட்டுக்காரரிடம் போனார். “ஐயா, நீங்க உள்ள வாங்க. பொம்பளைங்க கோவத்துல பேசுவாங்க. நாம ஆம்பளைங்க பேசி முடிச்சுக்குவம்.”

என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஓனர் நீட்டிய கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “வண்டி அவங்களுதுங்க. அவங்ககிட்டயே பேசுங்க.”

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அவர் எனக்கு வாங்கித் தந்த சேலை ஒன்றுகூட எனக்குப் பிடித்ததில்லை. இது பிடித்தது.

ஓனர் என்னிடம் வந்தார். முதலில் ரிப்பேர் செய்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பாதிப் பணம் என்றார். சிரித்தேன். “வெள்ள வண்டின்னு எங்களுக்கும் தெரியாதுங்க” என்றார். பாய் அந்த சர்வீஸ் சென்டர்க்காரர் சொன்னதைச் சொன்னார். அதற்குள் இன்னொரு குடும்பம் உள்ளே வந்தது. நான் அவர்கள் பக்கம் வாயைத் திறந்தேன். ஓனர், “முழுசா குடுத்தர்றனுங்க!” என்றார்.

கொடுத்தார். ஆனால் நான் இன்னொன்றும் கேட்டேன். “வண்டியில்தான் கோளாறு, ஓட்டியவர் மேல் தவறு இல்லை” என்று உங்கள் கடைத் தாளில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அந்த மனிதர் பணம் கொடுத்தபோதுகூட அவ்வளவு கோபப்படவில்லை. “அதெல்லாம் எழுதித் தர முடியாதுங்க” என்று உள்ளே போய்விட்டார். ஒரு வரி. ஒரு பைசா செலவில்லாத ஒரு வரி.

இப்போது ஓட்டுகிற வண்டி

இரண்டு மாதம் தேடி வேறொன்று வாங்கினேன். பழுப்பு நிறம், அந்த வெள்ளை வண்டியைவிட மூன்று வயது அதிகம். ஒரு ரிட்டயர்டு தம்பதி கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓட்டிய வண்டி. ஷாஜஹான் பாய் அதன் அடியில் முக்கால் மணி நேரம் படுத்திருந்தார். எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு, “எடுங்க டீச்சரம்மா” என்றார்.

எழுபது வளைவும் ஏறினேன். எங்கும் நிற்கவில்லை. இதில் சொல்ல வேறு ஒன்றுமில்லை. ஓடுகிற வண்டியை ஓட்டத் தெரிந்தவர் ஓட்டினால் அது ஏறும், அவ்வளவுதான். இப்போது தினமும் பள்ளிக்கு அதில்தான் போகிறேன். வாசலூர்பட்டி படகு இல்லத்துக்கு வந்த ஒரு வெளியூர்க்காரர் பின்னால் எடுக்கும்போது என் கதவில் கோடு போட்டார். இறங்கிவந்து, “புதுசா ஓட்டறீங்களாம்மா?” என்று என்னைக் கேட்டார். நிறுத்தி வைத்திருந்த வண்டியில் உட்கார்ந்து நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த விளம்பரம்

போன மாதம் ரேவதி ஒரு விளம்பரத்தை என் போனுக்கு அனுப்பினாள். வெள்ளை வண்டி. அதே எண். அதே தகரக் கூரை. கீழே எழுதியிருந்தது: ஸ்கூல் டீச்சர் ஓட்டிய வண்டி, நல்ல கண்டிஷன், நேரில் வரவும்.

என் வீட்டுக்காரரின் போனை வாங்கி அந்த நம்பருக்கு அடித்தேன். அதே விற்பனை ஆள்தான் எடுத்தார்.

“வண்டி இருக்குதுங்களா?”

“இருக்குதுங்க மேடம். லேடீஸ் ஓட்டுன வண்டி. டீச்சருங்க. ஊட்டுக்கும் ஸ்கூலுக்கும் மட்டும்தான் ஓட்டுனாங்க. பூ மாதிரி வெச்சிருந்தாங்க.”

“மலை ஏறுமுங்களா?”

“கொல்லிமலையே ஏறுன வண்டிங்க மேடம்!”

“எறங்குனதையும் போடுங்க. வண்டலோட எறங்குச்சு.”



“யாருங்க பேசறது?”

“அந்த டீச்சருதான்.”

வைத்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். படத்தை நான் சேமித்து வைத்திருந்தேன். அதோடு எல்லாவற்றையும் எழுதி நுகர்வோர் ஆணையத்துக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்போது வரட்டும்.

ஆனால் விளம்பரம் போனதால் வண்டி போய்விடாது. இந்நேரம் அது வேறொரு ஊரில், வேறொரு கடையில், இன்னொரு புதுக் கார்ப்பெட்டோடு நின்றிருக்கும். யாரோ ஒரு பெண் அதை வாங்கியிருப்பாள். ஏதோ ஓர் ஏற்றத்தில் அது நின்றிருக்கும், பின்னால் ஹாரன் அடித்திருப்பார்கள், யாரோ கதவைத் திறந்து “எறங்குங்கம்மா” என்றிருப்பார்கள். இப்போது அவள் ஏதாவது ஒரு மரத்தடியில், நிற்கிற வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் பேர் எனக்குத் தெரியாது. இந்தப் பத்திரிகை அவள் கைக்குப் போகுமா என்றும் தெரியாது. போனால் இதை மட்டும் படித்தால் போதும்.

கண்ணு, நீ சரியாத்தான் ஓட்டுன.